தலைவலியைச் சொல்வது

அன்று காலையில் நடந்ததில் ஒரு பகுதி என்னிடம் இல்லை. தூத்துக்குடியில் திரேஸ்புரத்துக் கரையிலிருந்து வள்ளம் கிளம்பியது நினைவிருக்கிறது. தீவைத் தாண்டி நங்கூரம் போட்டதும், முகத்தில் மாட்டும் முன் கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்ததும் நினைவிருக்கிறது. அதற்கடுத்து எனக்குத் தெரிவது ஆஸ்பத்திரியின் பச்சைத் திரைச்சீலையும் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவியின் கையும்தான். இடையில் உள்ளதை என் மச்சினன் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவன் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். அவனுடைய அக்கா பக்கத்தில் இருந்தால் குறைத்துக்கொள்வான். இரண்டு விதமாகவும் கேட்டுவிட்டு, நடுவில் இருப்பதை நான் எடுத்துக்கொண்டேன்.

நான் சங்கு குளிக்கிறவன். முத்துச் சிப்பிக்கு இறங்கிய கதையெல்லாம் என் அப்பா காலத்தோடு சரி. எங்கள் காலத்தில் சங்குதான். வள்ளத்தில் ஒரு கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து நீளமான குழாய் வரும். குழாயின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கீழே இறங்கி, இடுப்பில் ஈயக்கட்டியோடு மணலை ஒட்டி நீந்திப் போக வேண்டும். சங்கு நகர்ந்தால் மணலில் தடம் விழும். தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அதன் முனையில் சங்கு இருக்கும். எடுத்து வலைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் வள்ளத்தில் மூன்று பேர். கம்ப்ரசரையும் குழாயையும் பார்த்துக்கொள்கிறவன் என் மச்சினன். வள்ளத்துக்குச் சொந்தக்காரர் என்னைவிட மூத்தவர், அவரும் என்னைப் போலக் குளியாளிதான். அவரை நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். அவரும் நானும் மாறி மாறி இறங்குவோம், சில நாள் சேர்ந்தும் இறங்குவோம்.

அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, கீழே யாரும் பேச மாட்டார்கள் என்பது. வாயில் குழாய் இருக்கும்போது எப்படிப் பேசுவது? கரையில் யாராவது "இன்னைக்கு என்ன கறி" என்று கேட்டால்கூட எனக்குப் பதில் உடனே வராது. தேடி எடுப்பதற்குள் கேட்டவர் போயிருப்பார். கீழே அந்தக் கஷ்டம் இல்லை. குழாயை ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு பொருள், இரண்டு இழுத்தால் வேறு பொருள். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. அதனால்தான், தலையில் அடிபட்ட பிறகு எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று: மறுபடியும் கீழே போக முடியுமா.

அடி எப்படிப் பட்டது என்பதை யாரும் பார்க்கவில்லை. துறைமுகத்துக்குள் போகும் கப்பல் ஒன்று அந்நேரம் தூரத்தில் கடந்ததாம். அதன் அலை வந்து வள்ளத்தைத் தூக்கியிருக்கிறது. மச்சினன் அப்போது மறுபக்கம் குனிந்து அண்ணனின் பையை மேலே இழுத்துக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கம் மேலே வந்திருக்கிறேன். தூக்கிய வள்ளம் இறங்கும்போது அதன் விளிம்பு என் உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இறங்கியிருக்க வேண்டும். தலையில் துணித்தொப்பி இறுக்கமாக இருந்ததால் ரத்தம் வரவில்லை. நானே ஏறி வந்து உட்கார்ந்தேனாம். தலையைப் பிடித்துக்கொண்டேனாம். பிறகு வாந்தி எடுத்தேனாம்.

"காத்து ஏறிட்டு," என்றார் அண்ணன்.

எங்களில் யார் பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆழத்தில் நெடுநேரம் கிடந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் உள்ளே போன காற்று உடம்பில் தங்கிவிடும். மூட்டு வலிக்கும், தலை வலிக்கும், கிறுகிறுக்கும், வாந்தி வரும், சிலருக்குக் கால் விளங்காமல் போகும். அதற்குக் குளியாளிகள் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. ஆளைத் திரும்பவும் கீழே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவது. டாக்டர்கள் அதைச் செய்யவே கூடாது என்கிறார்கள். ஆனால் கடல் நடுவில் கையில் இருப்பது அதுதான். அண்ணனுக்கு ஒரு தடவை கால் இழுத்துக்கொண்டு, அப்படி இறக்கி ஏற்றிய பிறகு வீட்டுக்கு நடந்தே போனார். வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கதையை நாங்கள் கேட்டாக வேண்டும்.

"ஏலே, அவனுக்கு ஈயத்தக் கட்டு. நானும் கூட இறங்குதேன்," என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டாராம்.

நான் மறுப்புச் சொல்லவில்லை. இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். நல்ல நினைவோடு இருந்திருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பேன். மச்சினன் வாரைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நான் கேட்டேனாம், "சோறு கொண்டாந்தோமா?"

"கொண்டாந்திருக்கு அத்தான்."

கொஞ்சம் கழித்து, "மாப்ள, சோறு கொண்டாந்தோமா?"

"இருக்கு அத்தான், இப்பதானே சொன்னேன்."

"இன்னைக்கு என்ன கிழமை? சோறு கொண்டாந்தோமா?" என்று மறுபடி கேட்டுவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பி, "உங்க மீசை நல்லாருக்கு அண்ணே, எங்கன வெட்டுனீங்க?" என்றும் கேட்டிருக்கிறேன். இதை மச்சினன் ஆயிரம் தடவை சொல்லிவிட்டான். அக்கா பக்கத்தில் இருக்கும்போதும் இதை மட்டும் அவன் குறைப்பதில்லை.

அவன் வாரைக் கட்டுவதை நிறுத்திவிட்டான். "அண்ணே, இறக்க வேண்டாம். அத்தான் பேசுதாக."

"பேசுனா என்னலே? நல்லதுதானே?"

"அத்தான் பேச மாட்டாகள்லா. கல்யாணத்தன்னைக்கு மாதா கோயில்ல சாமியார் சம்மதமான்னு கேட்டதுக்கே தலையத்தான் ஆட்டுனாக. வாயத் தொறந்து சொல்லணும்னு சாமியார் ரெண்டாந்தரம் கேக்க வேண்டியதாப் போச்சு. இவுக உங்க மீசையப் பத்திப் பேசுதாகன்னா என்னமோ ஆயிட்டு."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி யோசித்தாராம். "எனக்கு ஏறினப்ப வாயே தொறக்க முடியலல்லா," என்றாராம். அதற்குள் நான் நான்காவது தடவை சோற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். மச்சினன் என் தொப்பியை உருவித் தலைமுடிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.

நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேனாம்.

ஆஸ்பத்திரியிலும் நிறுத்தவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். சக்கர வண்டி தள்ளியவரிடம் அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறேன். ஸ்கேன் எடுக்கும் அறையில் அசையக் கூடாது என்றவரிடம், அசையாமல் இருப்பது எனக்குச் சுலபம் என்று விளக்கியிருக்கிறேன். மனைவியிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். என்னவென்று கேட்டால், "அதெல்லாம் எனக்குச் சொன்னது. உங்களுக்கு எதுக்கு?" என்கிறாள். சிரித்துக்கொண்டு சொல்வதால் மோசமாக ஒன்றும் இருக்காது என்று விட்டுவிட்டேன்.

பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு வந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். நான் கொஞ்சம் தெளிந்திருந்தேன். பேச்சும் நின்றிருந்தது. அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் விரலைத் தொட்டுவிட்டு என் மூக்கைத் தொடச் சொன்னார். ஒரு கோட்டின் மேல் காலோடு கால் வைத்து நடக்கச் சொன்னார். நான் தடுமாறியதும் மச்சினன், "கடல்ல கிடக்கிறவுக தரையில இப்படித்தான் நடப்பாக டாக்டர்," என்றான். அப்படியானால் நீங்கள் நடந்து காட்டுங்கள் என்று அவனை நடக்கவிட்டார். அவன் நேராக நடந்துவிட்டான். அவனுக்கே அது வருத்தமாகப் போய்விட்டது.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் நான் நேரம் எடுத்துப் பதில் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தி மனைவியைப் பார்த்தார். "இவ்வளவு மெதுவாப் பேசறாரே, அடிபட்ட பிறகுதானா?"

"இல்ல டாக்டர். இவுக எப்பவும் இப்படித்தான். காலையில பேசுனாகளே, அதுதான் எனக்குப் பயமாப் போச்சு."

"ஆங்கில மாசத்தை டிசம்பர்ல இருந்து பின்னால சொல்லுங்க," என்றார் டாக்டர் என்னிடம். முன்னாலிருந்து சொல்வதற்கே நான் தட்டுத் தடுமாறுகிறவன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கடலில் மாசம் என்றால் எந்தக் காற்று அடிக்கிறது என்பதுதான்.

"அது இவுகளுக்கு முந்தியே வராது," என்றாள் மனைவி.

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவால் நெற்றியைத் தட்டி யோசித்தார். "அப்ப தூங்கிட்டே சொல்ற மாதிரி என்ன தெரியும்? வரிசையா."

நான் பதில் தேடுவதற்குள் மனைவியே சொன்னாள். திருச்செந்தூருக்குப் பக்கத்தில்தான் அவள் பிறந்த ஊர். கல்யாணமான நாளிலிருந்து அந்த பஸ்ஸில் நாங்கள் போய் வருகிறோம். ஒவ்வொரு நிறுத்தமும் எனக்குத் தெரியும். டாக்டர், "திருச்செந்தூர்ல ஏறி இங்க வாங்க," என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். திருச்செந்தூர், வீரபாண்டியன்பட்டினம், காயல்பட்டினம், ஆறுமுகநேரி. அங்கே நின்றேன். அடுத்து பழையகாயல், முள்ளக்காடு, முத்தையாபுரம், தூத்துக்குடி என்று முடித்தேன். முடித்த நிம்மதியில் கண்ணைத் திறந்தால் மனைவியின் முகம் மாறியிருந்தது.

"ஆத்தூர விட்டுட்டீக," என்றாள். "ஒவ்வொரு தரமும் வெத்தல வாங்குற ஊரு."

அதுவரை எல்லாரும் பேசியதைவிட அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு உறைத்தது. ஆற்றுப்பாலமும், வெற்றிலைக் கொடிக்காலும், கூடையோடு பஸ்ஸில் ஏறும் பெண்களும், மொத்த ஊரும் என் தலையிலிருந்து நழுவியிருந்தது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். ரத்தக் கசிவு இல்லை, எலும்பில் விரிசல் இல்லை. மச்சினன் எழுந்துவிட்டான். "அப்ப நாளைக்கழிச்சு வள்ளத்துக்கு வரலாமா டாக்டர்?"

"உக்காருங்க," என்றார் அவர். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னா, பெரிய ஆபத்து இல்லைன்னு அர்த்தம். அடியே இல்லைன்னு அர்த்தம் இல்லை. மூளை குலுங்கியிருக்கு. தயிர்ப் பானையைத் தூக்கி ஆட்டினா பானை உடையாது. உள்ள தயிர் கலங்கிடும்ல? அப்படி."

"கலங்குன தயிரு திரும்ப உறையாதே டாக்டர்," என்றாள் மனைவி.

டாக்டர் அப்போதுதான் சிரித்தார். "இந்தத் தயிர் உறையும். ஆனா மறுபடி ஆட்டாம வைக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "முழுசா ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா அதுதான் ரொம்ப மோசம். தண்ணிக்குள்ள இருக்கும்போது கிறுகிறுப்பு வந்தாலும் வாந்தி வந்தாலும் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். தலைவலி இருக்கிற வரைக்கும் இறங்கக் கூடாது. அது போயிடுச்சான்னு எந்த மிஷினும் எனக்குச் சொல்லாது. நீங்க சொன்னாத்தான் தெரியும். வலிச்சா வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லணும்."

"இவுகளா?" என்றான் மச்சினன்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாந்தி மறுபடி மறுபடி வந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, எழுப்பினால் எழாமல் கிடந்தாலோ, கை கால் இழுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே கூட்டிவரச் சொன்னார்கள். மனைவி அதைச் செபம் போல மனப்பாடம் செய்துகொண்டாள். செல்போன், டிவி இரண்டும் முதல் சில நாளைக்குக் கூடாது. மற்றபடி தூங்கலாம், லேசாக வீட்டுக்குள் நடமாடலாம்.

தூங்கலாம் என்பதை எங்கள் தெரு ஒத்துக்கொள்ளவில்லை. தலையில் அடிபட்டவன் தூங்கினால் எழுந்திருக்க மாட்டான் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பார்க்க வந்தவர்கள் ஒரு கையில் ரொட்டியும் திராட்சையும் கொண்டுவந்தார்கள், மறு கையால் என்னை உலுக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் தலையில் அடிபட்ட ஒரு சொந்தக்காரர் இருந்தார். அவர் கதை முழுவதும் சொல்லாமல் எழுந்து போக மாட்டார்கள். அரை நாள் பொறுத்த மனைவி வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "அவுக பேசப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக. திராட்சைய இங்கன குடுங்க," என்று வாங்கி உள்ளே வைத்தாள்.

பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லவே இல்லை. இரைச்சல் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் நான் திருத்தவில்லை. இருட்டிய அறையில், பாயில், யாரும் என்னிடம் பதில் எதிர்பார்க்காமல் கிடந்த அந்த நாட்கள், வலியைத் தள்ளிப் பார்த்தால், என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். சன்னல் இடுக்கில் வெயில் ஒரு கோடாக விழும். அதைப் பார்த்தால் மட்டும் கண்ணுக்குள் ஊசி குத்தும். சுவர் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இடையில் எங்கள் கோவில் திருநாளுக்குக் கொடி ஏறியது. ஒலிபெருக்கியின் கூம்புக்குழாயை எப்போதும் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள கம்பத்தில்தான் கட்டுவார்கள். முதல் பாட்டுப் போட்டதும் என் தலைக்குள் யாரோ தகரத்தை அடிப்பது போல இருந்தது. நான் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டேன், சொல்லவில்லை. மனைவி பார்த்துவிட்டாள். கூந்தலை முடிந்துகொண்டே நேரே கம்பத்தடிக்குப் போனாள். திருநாள் கமிட்டிக்காரர் அங்கே நின்றிருந்தார். அவர்கள் பேசியது சன்னல் வழியாகக் கேட்டது.

"மைக்கு இல்லாம திருநாளாக்கா?"

"மைக்க நிப்பாட்டச் சொன்னேனா? குழாய அங்கிட்டுத் திருப்பும்னுதான் சொல்லுதேன்."

"அங்கிட்டுத் திருப்புனா என் வீடுல்லாக்கா இருக்கு."

"உம்ம வீட்டுல யாருக்கும் மூளை குலுங்கலயே. ஆண்டவருக்கு ஒரு குறையும் வராது, திருப்பும்."

குழாய் திரும்பியது. திருநாள் முடியும் வரை கமிட்டிக்காரரின் வீட்டம்மா எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கவே இல்லை. பிறகு திராட்சையோடு வந்தார்.

குழாயைத் திருப்ப வைத்த அன்று சாயங்காலம் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இஞ்சேருங்க, வலிச்சதுன்னா சொல்லப்படாதா?"

"பரவாயில்ல," என்றேன்.

"அந்த வார்த்தைய இந்த வீட்டுல இனிமே கேக்கப்படாது," என்றாள். நான் என்ன செய்வேன். சொல்லாமல் இருக்க வேண்டும் என்று இல்லை. வாய்க்குக் கொண்டுவருவதற்குள் அது சின்ன விஷயமாகிவிடுகிறது, ஒருவரைத் தொந்தரவு செய்யும் அளவுக்கு இல்லை என்று தோன்றிவிடுகிறது. அதனால் விரலால் காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். அவள் விளக்கேற்றும்போது என்னைப் பார்ப்பாள். வலி அதிகம் என்றால் கையை விரிப்பேன், குறைந்தால் விரலை மடக்குவேன். கடலுக்கடியில் காட்டுவது போலத்தான். அது எனக்குச் சுலபமாக இருந்தது. சில நாளில் ஒரு விரலுக்கு வந்துவிட்டது, பிறகு மறுபடி மூன்றுக்குப் போனது. மச்சினன் போனில் சங்குத் தடம் தெரிகிற வீடியோவைக் காட்ட, நான் ஆசையாக நெடுநேரம் பார்த்துவிட்டிருந்தேன். அதற்கு அவன் அக்காவிடம் வாங்கிய வசவு தனி.

இரண்டாவது தடவை டாக்டரிடம் போனபோது திருச்செந்தூரில் ஏறி ஆத்தூரில் வெற்றிலை வாங்கிக்கொண்டு தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். கோட்டின் மேல் நேராக நடந்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அதற்கு மேல் படிப்படியாகப் போகச் சொன்னார். முதலில் நடை. அது ஒத்துக்கொண்டால் சைக்கிள். அப்புறம் கரையோரத்தில் குளியல். அப்புறம் இறங்காமல் வள்ளத்தில் போய் வருவது. எல்லாம் சரியாக இருந்தால்தான் கீழே. ஒரு படியில் வலி வந்தால் முந்தின படிக்குத் திரும்பிவிட வேண்டும்.

நடைக்கு உப்பளப் பக்கம் போனேன். விடிந்ததும் கிளம்பினாலும், உப்புக் குவியலில் வெயில் பட்டதும் கண் கூசியது. மனைவி கடையில் கறுப்புக் கண்ணாடி வாங்கித் தந்தாள். உப்பள வேலைக்குப் போகிற பெண்கள், "அண்ணாச்சி எந்தப் படத்துல நடிக்கீக?" என்று கேட்டார்கள். பதில் தேடுவதற்குள் அவர்கள் போய்விட்டதால் தப்பித்தேன். சைக்கிள் ஒத்துக்கொண்டது. கரையோரத்தில் முங்கியபோது காதுக்குள் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வள்ளத்தில் சும்மா போய் வந்ததும் ஒத்துக்கொண்டது. விரல்கள் எல்லாம் மடங்கியே இருந்தன. டாக்டரும் சரி என்றார்.

நான் இறங்க வேண்டிய காலை வந்தது. தண்ணீர் தெளிந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச நாளில் காற்று மாறிவிடும், அதற்குப் பிறகு அடியில் ஒன்றும் தெரியாது. அண்ணன் என் இடத்துக்கு வேறு ஆளைச் சேர்க்காமல் அத்தனை நாளும் தனியாகவே இறங்கியிருந்தார். எனக்காகப் புதிய கண்ணாடி ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். மச்சினன் குழாயைத் துடைத்துச் சுருட்டி, மாலை போடுகிறவன் மாதிரி கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

போகிற வழியிலேயே எனக்குக் காதுக்குப் பின்னால் மெலிதாக ஒரு வலி தொடங்கியிருந்தது. இன்ஜின் அதிர்வாக இருக்கும் என்று நினைத்தேன். காலையில் சரியாகச் சாப்பிடாததாக இருக்கும். தண்ணீருக்குள் போனால் குளிர்ச்சியில் போய்விடும். ஈயத்தைக் கட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தேன். கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. குழாயின் முனை என் கையில் இருந்தது, காற்று உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அதை வாயில் வைத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்க முடியாது, நானும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கீழே பார்த்தேன். மணல் வரை தெரிந்தது. வலி அப்படியே இருந்தது.

"தலை வலிக்கு," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. கம்ப்ரசர் சத்தம் அப்படி. மச்சினன், "என்ன அத்தான், இறக்கவா?" என்று கையைக் காட்டினான். ஒரு தடவை சொல்வதே எனக்குப் பெரிய வேலை. இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றதும், விட்டுவிடலாமா என்றிருந்தது. குழாயை மடியில் வைத்துவிட்டு மூச்சை நன்றாக இழுத்தேன்.

"அண்ணே, எனக்குத் தலை வலிக்கு."

நான் அவ்வளவு சத்தமாகப் பேசி நானே கேட்டதில்லை. அண்ணன் ஓடிவந்து கம்ப்ரசரை நிறுத்தினார். திடீரென்று வள்ளத்தில் ஒரு சத்தமும் இல்லை, அலை விளிம்பில் தட்டுவது மட்டும்தான்.

"எவ்வளவு?" என்றார்.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

ஒரு விரலைக் காட்டினேன். அதையும் முழுதாக நீட்டவில்லை. அவர் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு விரல் வலிக்காக ஒரு நாள் தொழிலை நிறுத்திவிட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"ஈயத்த அவுருலே," என்றார் மச்சினனிடம். அப்புறம் என்னிடம், "இதுக்கா இப்படிக் கத்துனே? துறைமுகத்துல கப்பலு திரும்பியிருக்கும்."

"அத்தான் கத்துதத நான் கேட்டுட்டேன்," என்றான் மச்சினன், வாரை அவிழ்த்தபடி. "இனிமே செத்தாலும் கவலையில்ல."

அன்று அண்ணன் இறங்கினார். மச்சினனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் குழாயைப் பிடித்திருந்தேன். கீழே இருந்து வரும் இழுப்பு கைக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது, எப்போதும் மறுமுனையில் இருந்தவன்தானே. அவர் தடத்தைத் தேடும்போது குழாய் மெல்ல நகரும். கண்டுவிட்டால் நின்றுவிடும். மத்தியானத்துக்குள் வலி போய்விட்டது. சோறு கொண்டு வந்திருந்தார்கள்.

கரைக்கு வருவதற்குள் செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. மனைவி ஊளி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "சத்தமாச் சொன்னீகளாமே," என்றாள்.

"ம்."

"எப்படிச் சொன்னீக? எனக்கும் ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க."

நான் சொல்லிக் காட்டவில்லை. மீனைத் தின்றேன். அவள் நடுத்துண்டை எனக்கு வைத்திருந்தாள்.

டாக்டரிடம் போனில் கேட்டதற்கு முந்தின படிக்குத் திரும்பச் சொன்னார். மறுபடி கொஞ்ச நாள் வெறுமனே வள்ளத்தில் போய் வந்தேன், குழாய் பிடித்தேன். காற்று மாறப் போகிறது என்று அண்ணன் தினமும் வானத்தைப் பார்த்தார். ஆனால் ஒரு தடவைகூட என்னிடம் "இன்னைக்கு எப்படி" என்று அவசரப்படுத்திக் கேட்கவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று விட்டிருந்தார்.

ஒரு காலையில் நானாகவே சொன்னேன். "இன்னைக்கு வலிக்கல. இறங்கிப் பாக்கேன்."

முதலில் ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரம் போட்டார்கள். குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். காது அடைத்தது, விழுங்கினேன், விட்டது. வயிறு மணலைத் தொடும் வரை போய் அங்கேயே கிடந்தேன். தலையைக் கவனித்தேன். இடப்பக்கம், வலப்பக்கம், காதுக்குப் பின்னால், உச்சியில். ஒன்றும் இல்லை. என் மூச்சின் குமிழிகள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தன. எதிரே மணலில் ஒரு தடம் இருந்தது, புதுசு, இன்னும் ஓரம் சரியாதது. மெல்ல அதன் பின்னால் போனேன்.

நேரம் பார்த்து மச்சினன் குழாயை இழுத்தான். கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தேன். தலையை வெளியே நீட்டும் முன் வள்ளத்தின் விளிம்பு எங்கே என்று பார்த்தேன். அவன் ஏற்கெனவே குனிந்து ஒரு கையை என் தலைக்கு மேலே குடை போலப் பிடித்திருந்தான். ஏறி உட்கார்ந்து வலைப்பையை அவிழ்த்தேன். உள்ளே இருந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

"தலை எப்படி அத்தான்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எனக்கு எப்படித் தெரியும்? அக்கா கேப்பால்லா. ஒழுங்காச் சொல்லுங்க."

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னேன். "வலி இல்ல. கிறுகிறுப்பு இல்ல. வாந்தி வார மாதிரி இல்ல. வெயிலப் பாத்தேன், கூசல. காது லேசா அடைச்சுது, உடனே விட்டுட்டு. அடியில தண்ணி நல்ல தெளிவு, கிழக்க இன்னும் தடம் கிடக்கு, நாளைக்குக் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டா நல்லது."

அண்ணன் தன் ஈயத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "ஏலே, கம்ப்ரசரப் போடு," என்றார் மச்சினனிடம். "இவன் பேசுத பேச்சுக்கு நான் அடியிலயே கிடக்கலாம்."